வடக்குச் சுவரும் உன் கல்யாண ஓலையும்

ஜெரோம்,

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். நம் கோயிலில் ஒரு வாசல் கிடைத்திருக்கிறது! எந்த வாசல், எப்படித் தொலைந்தது, யார் கண்டுபிடித்தது என்றெல்லாம் கேட்பாய். பொறு, சொல்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் நான் அனுப்பும் குரலை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உன் தங்கை போட்டுக்கொடுத்துவிட்டாள். அது போகட்டும், இதில் பாதி விஷயம் என் வாய்க்கு வராது. எழுதினால்தான் வரும். உன் அம்மா வேறு இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள். "என்னங்க, எஸ்.பி.எம். பரீட்சையா எழுதுறீங்க? நாக்க கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்று கிண்டல். சிரித்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கு என்னை யார் என்ன சொன்னாலும் கோபம் வராது.

போன ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே வடக்குச் சுவரிலிருந்து ஒரு பெரிய பாளம் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உனக்கு அப்போதே இதைச் சொல்லவில்லை. கடவுள் புண்ணியம், அந்த பெஞ்சில் அன்று யாரும் இல்லை. அங்கே எப்போதும் உட்காரும் ஸ்டெல்லா அக்காவுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தார். விழுந்த பாளத்தைத் தூக்கிப் பார்த்தேன். மேலே வெள்ளைச் சாயம் பளபளவென்று இருக்கிறது, பின்பக்கம் கறுப்பாக ஊறிப்போய் நாற்றம் அடிக்கிறது. ஃபாதர் அன்றைக்கே கோயிலைப் பூட்டிவிட்டார். அதிலிருந்து பூசை பக்கத்து ஹாலில்தான் நடக்கிறது. கமிட்டியில் பாதிப் பேர், "அந்தச் செவுத்த இடிச்சிட்டு புதுசா கட்டிருவோம் ஃபாதர், எத்தன நாளைக்கு இந்தப் பழசோட மல்லுக்கட்டுறது" என்றார்கள். ஃபாதர் அவசரப்படவில்லை. மலாக்கா தெங்கேராவில் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் ரோஸ்லி என்ற மலாய்க்காரர் ஒருவரை வரவழைத்தார். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். வந்தவர் சுவரைத் தட்டினார், முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார். பிறகு என்னைப் பார்த்து, "புக்கான் டிண்டிங் சாலா, அங்கிள். சிமென் யாங் சாலா" என்றார். சுவரில் தப்பில்லை, சிமெண்டில்தான் தப்பு. அந்தச் சிமெண்டைப் பூசியவன் யார் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ சொன்னதும் இதுதானே. எஞ்சினியர் படிப்பு முடித்து வந்திருந்தாய். பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். நீ வடக்குப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, இது செம்புறைக்கல்லு. தண்ணிய குடிக்கும், வெயில் வந்தா தானா வெளிய விட்டுரும். நீங்க சிமெண்ட போட்டு அடைச்சிட்டீங்க. உள்ளாறயே ஊறிக்கிட்டு இருக்கு, எடுத்தே ஆகணும்" என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். ஆனால் கமிட்டி ஆட்கள் நாலு பேர் காதில் விழுந்துவிட்டது. எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. "நேத்து பொறந்தவன் நீ, எனக்கு செவுரு சொல்லித் தர்றியா? இந்தக் கோயில் வாசல்ல நின்னு எங்கிட்ட பேசாத, போடா!" என்று கத்தினேன். ஊரே பார்த்தது. கையிலிருந்த குடையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துவிட்டாய். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறாய், சாப்பிடுகிறாய், என்னிடம் கார் டயரைப் பற்றிக்கூடப் பேசுகிறாய். ஆனால் பூசைக்கு மட்டும் மலாக்கா டவுனுக்குப் போய்விடுகிறாய். இப்போது மெர்சியோடு கல்யாணம் என்று வந்ததும், "சிரம்பான்ல மெர்சி வீட்டுக் கோயில்லயே வச்சிக்கலாம்பா, யாருக்கும் சிரமம் இல்ல" என்கிறாய். யாருக்கு என்ன சிரமம் என்று எனக்குத் தெரியாதா? நான்தான் சிரமம்.

ரோஸ்லி அப்படிச் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலையிலேயே உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டேன். இருபத்தெட்டு வருஷம் கண்டிராக்டர் வேலை பார்த்தவன். நான் பூசியதை நானே உரிக்கிறேன் என்று ஃபாதரிடம் சொன்னேன். அவர் என் வயதைப் பார்த்தார், பிறகு என் மூஞ்சியைப் பார்த்தார், சாவியைக் கொடுத்துவிட்டார். மேலே ஏணியில் ரோஸ்லியின் ஆட்கள், கீழே ஆள் உயரம் வரைக்கும் நான். ஜெரோம், என்ன சுவர்டா அது! முன்பக்கச் சுவரில் கல்லெல்லாம் அளந்து அறுத்தது, ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. கூலி வாங்கிய கைதேர்ந்த கொத்தனார்களின் வேலை. வடக்குச் சுவர் அப்படியே வேறு. ஒரு வரிசையில் கல் பெரிது, அடுத்த வரிசையில் சின்னது, ஒரு இடத்தில் கோணலாகப் போய், பிறகு யாரோ பார்த்துத் திருத்தி நேராக்கியிருக்கிறார்கள். இரண்டடி கனம், இரண்டு பக்கமும் கல், நடுவில் கல்லுடைசலும் சுண்ணாம்பும். அந்தச் சுண்ணாம்பில் வேகாத கிளிஞ்சல் துண்டுகள் கூட அப்படியே இருக்கின்றன. தஞ்சோங் கிளிங் பக்கத்துக் கடற்கரையில் அள்ளி வந்து சுட்டிருப்பார்கள் என்கிறார் ரோஸ்லி. இடுக்குகளைக் கரண்டியால்கூட அடைக்கவில்லை, விரலால் அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். தடம் இருக்கிறது! என் விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்துவிட்டு வந்த நம் சனங்கள் கட்டிய சுவராகத்தான் அது இருக்க வேண்டும், வேறு யார் அப்படிக் கட்டப் போகிறார்கள்? சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, "இது போர்த்துக்கீசியன் கட்டுன கோயிலுடா" என்று அளந்துவிட்டேனே, அதை மன்னித்துவிடு. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பழசு என்றாலே போர்த்துக்கீசியன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது நாள் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். பீடத்துக்கும் நடுச் சன்னலுக்கும் இடையில் கல்வரிசை திடீரென்று வளைய ஆரம்பித்தது. ரோஸ்லி மேலே இருந்தவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் உரித்துக்கொண்டே போகப் போக வளைவு இறங்கி வந்தது, இரண்டு பக்கமும் நிலைக்கல், நடுவில் சின்னச் செங்கற்களை அடுக்கி மண்ணால் அடைத்திருந்தார்கள். வாசலேதான்! முன் வாசலைவிடக் குட்டை, உன் உயரத்துக்குக் கொஞ்சம் தலை குனிய வேண்டியிருக்கும். வெளிப்பக்கம் கீழே படிக்கல் ஒன்று பாதி மண்ணுக்குள் கிடந்தது. அதை நடுவில் தடவிப் பார், குழி விழுந்திருக்கிறது. கால்கள் தேய்த்த குழி. அந்தப் பக்கம் இப்போது செம்பனை மரம்தான் தெரிகிறது, அந்தக் காலத்தில் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வரும் பாதை அங்கேதான் ஏறியிருக்க வேண்டும். நம் ஆட்கள் அந்த வழியாகத்தான் கோயிலுக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன் வாசலில் இடம் இல்லையா, அல்லது அதுதான் கிட்டத்து வழியா, ஏன் பிறகு அடைத்தார்கள், எதுவும் தெரியவில்லை. ஃபாதர் பழைய புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டார், எழுத்தில் எங்குமே இல்லை. ரோஸ்லி டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நான் மேல் வரிசையில் ஒரே ஒரு செங்கல்லை அசைத்து உருவிவிட்டேன். ஐயோ, என்ன காற்று! குபுகுபுவென்று உள்ளே வந்தது. தரையில் சிவப்பு ஓட்டின்மேல் கைக்குட்டை அளவுக்கு வெளிச்சம் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ரோஸ்லி வந்து, "அங்கிள், ஜாஙான் லா! எஞ்சினியர் பாக்காம ஒரு கல்லுலயும் கைய வைக்கக் கூடாது" என்று பாதி மலாயிலும் பாதி கையாலும் திட்டினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இப்போது வாயால் சொல்ல வராதது. அந்த வளைவை நான் பார்ப்பது இது முதல் தடவை இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால், எனக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் பெரிய வேலை அந்தக் கோயில் பூச்சு. பழைய சுண்ணாம்பைக் கொத்திக்கொண்டிருந்தபோது அதே வளைவு தலை காட்டியது. என்னோடு வேலை செய்த முனியாண்டி அண்ணன் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, இங்க ஏதோ வாசல் இருந்திருக்கு போல. சாமியார்கிட்ட சொல்லிருவமா?" என்றார். திருவிழாவுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. சொன்னால் வேலை நின்றுவிடும், ஆளுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள், யோசனை சொல்வார்கள். என் பெயர் என்ன ஆவது? "சொன்னா வம்புண்ணே. மூடுங்க" என்றேன். அதோடு விட்டேனா? சிமெண்டு பிடிக்க வேண்டும் என்று அந்த நிலைக்கல்லில் சுத்தியலால் கொத்துக் கொத்தாகக் கொத்திவிட்டேன். போன மாதம் உரித்தபோது என் கொத்து அப்படியே இருந்தது. ரோஸ்லி அதைத் தடவிப் பார்த்து, "எந்த முட்டாள் செஞ்ச வேலை இது" என்று மலாயில் கேட்டார். "சாயா" என்றேன். நான்தான். மனுஷன் என்ன செய்வதென்று தெரியாமல் எனக்கு ஒரு சிகரெட்டை நீட்டினார், நான் சிகரெட்டை விட்டுப் பதினோரு வருஷம் ஆயிற்று. ஆக, ஆறு வருஷத்துக்கு முன் நீ அந்தச் சுவரைப் பற்றிப் பேசியபோது எனக்கு வந்தது வெறும் கோபம் இல்லை ஜெரோம். பயம். சிமெண்டை எடுத்தால் நான் மூடியது வெளியே வந்துவிடும் என்ற பயம். அதை மறைக்கத்தான் உன்னை அப்படி விரட்டினேன்.

சுவர் இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது. முதல் பத்து நாளும் கல்லில் உப்புப் பூத்தது, தினமும் துடைப்பத்தால் தட்டிவிடுவேன். இப்போது தொட்டால் கை ஈரம் ஆவதில்லை. பாதிச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு பூசியாயிற்று, அதையும் ரோஸ்லி சொல்லச் சொல்லத்தான் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்தில் சுண்ணாம்புக்குக் கருப்பட்டித் தண்ணீர் விடுவார்கள் என்று நான் பெரிய அறிவாளி மாதிரிச் சொன்னேன். "அப்போ நம்ம ஊரு குலா மலாக்காவ போட்டுப் பாருங்க" என்று ரோஸ்லி சொல்ல, உன் அம்மா கேசரிக்கு வைத்திருந்த மூன்று கட்டித் தென்னை வெல்லத்தையும் தூக்கிக்கொண்டு போய்க் கரைத்துவிட்டேன். பூச்சு அருமையாகப் பிடித்தது. ஆனால் மறுநாள் காலையில் மலாக்கா மாநிலத்து எறும்பு மொத்தமும் வடக்குச் சுவரில்! ஃபாதர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு கூட்டம் ஈஸ்டருக்குக்கூட வரலையே" என்றார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எறும்பு போய்விட்டது, பூச்சு நிற்கிறது. கேசரி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

போன ஞாயிறு உன் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். சிரம்பானில் அங்கே, இங்கே நம் ஹாலில். மூன்று ஞாயிறு மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் படித்து, இவர்களுக்குத் தடை ஏதாவது இருப்பது தெரிந்தால் சொல்லுங்கள் என்பார்களே, அது எத்தனை பேருடையதைக் கேட்டிருப்பேன், ஒரு தடவைகூட யாரும் எழுந்ததில்லை. ஃபாதர் உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துப் படித்தார். "தடை உண்டென்று தெரிந்தவர்கள்" என்றதும் எனக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஏங்க, பைத்தியமா பிடிச்சிருக்கு? உக்காருங்க!" என்கிறாள். பின்னால் ஸ்டெல்லா அக்கா, "அட மாதாவே, பெத்த அப்பனே தடை சொல்றாரே" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டார். ஃபாதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்ல ஃபாதர்" என்றேன். "என் மகன் இந்தக் கோயிலுக்குள்ள வர்றதுக்குத்தான் தடை இருக்கு. அது நான்தான். அந்தச் செவுத்த கெடுத்தது நான். வாசல் இருக்குன்னு தெரிஞ்சே மூடுனதும் நான். அவன் அன்னிக்கே சொன்னான், நான் ஊருக்கு முன்னால அவன விரட்டினேன். அதே ஊருக்கு முன்னால சொல்றேன், அவன் சொன்னதுதான் சரி." இவ்வளவுதான் பேசினேன். உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஃபாதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேறு தடை எதுவும் இல்லையே?" என்று கேட்டாரே பார், ஹாலே சிரித்துவிட்டது. என்னையும் சேர்த்து. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேசரி கோபம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். என்னிடம் நாலெல்லாம் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. மெர்சி ஒரு நாள் உன்னிடம், நீ செய்தது தப்பு என்பாள். நிச்சயம் சொல்வாள், நல்ல பெண், வாயும் உள்ள பெண். அப்போது கோபம் வரட்டும், உன் உடம்பில் ஓடுவதும் என் இரத்தம்தான், வராமல் இருக்காது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வா. அவள் காட்டிய இடத்தில் கையை வைத்துப் பார். ஈரமாக இருந்தால் அங்கேயே ஒத்துக்கொள். நான் அன்று பத்தடி நடந்து போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும், ஆறு கிறிஸ்துமஸ் பூசை உன்னோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து இடத்தை யாருக்கும் விடாமல் பூசைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

இனி நான் கேட்க வந்தது. மெர்சியிடம் நேற்று போனில் பேசினேன், உனக்குத் தெரியாமல்தான், திட்டாதே. "மாமா, எங்க வீட்டுல எந்தக் கோயில்னாலும் ஓகேதான் லா. ஜெரோம் மனசுதான் தெரியல. எனக்கு அந்தச் சின்ன வாசல பாக்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள். எனக்கும் ஆசைதான், மறைக்க மாட்டேன். அந்தக் குட்டை வாசலைத் திறந்து நீங்கள் இரண்டு பேரும் அதன் வழியாக உள்ளே வருவதை நான் இருக்கும்போதே பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஒரு எஞ்சினியர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் கோயிலைத் திறப்பேன் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். கமிட்டியில் யார் யாரையோ சொன்னார்கள். என் மகன் வந்து பார்க்கட்டும் என்று நான் கேட்டேன், எல்லோரும் சரி என்றார்கள். வரும் சனிக்கிழமை வா. வீட்டுக்குக்கூட வர வேண்டாம், நேரே கோயிலுக்குப் போ, சாவியை ஃபாதரிடம் வாங்கிக்கொள். நான் பக்கத்தில் வரமாட்டேன். உனக்குச் சந்தேகம் இருந்தால் உன் ஆபீசிலிருந்து பெரிய எஞ்சினியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வா. வளைவைப் பார், நான் உருவிய கல்லைப் பார், மேலே உத்தரம் உட்காரும் இடத்தைப் பார். அப்பன் ஆசைப்படுகிறானே என்று ஒரு கல்லைக்கூட விட்டுக்கொடுத்துப் பார்க்காதே.

நிற்கும் என்று நீ சொன்னால் அன்றைக்கே வாசலைத் திறப்போம். நிற்காது, பூட்டியே இருக்கட்டும், கல்யாணம் சிரம்பானில் என்று நீ சொன்னால், அதுவும் சரி. பஸ் பிடித்து உறவு சனத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு நானே முதல் ஆளாக சிரம்பானுக்கு வருகிறேன். ஏன் சொந்தக் கோயிலில் இல்லை என்று யாராவது கேட்டால், அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கிறது. சுவரைப் பார்த்து என் மகன் சொல்லிவிட்டான்.

அப்பா